அப்பத்தா பொம்மைக்குக் கண் வைப்பது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர் ஒருவர், மறைந்துபோன தன் அப்பத்தாவின் சாயலில் இரண்டு வயது மகளுக்கு ஒரு துணிப் பொம்மை செய்ய ஆசைப்படுகிறார். பாம்படம் தொங்கும் காது, நரைத்த கொண்டை, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். ஒரு தடவை செய்தும் பார்த்துவிட்டார். அப்பத்தாவின் பழைய வெள்ளைச் சேலையில் தலை, உள்ளே இலவம்பஞ்சு, கண்ணுக்குப் பசை போட்டு ஒட்டிய இரண்டு கறுப்புச் சட்டைப் பொத்தான்கள். "பேய் மாதிரி முழிக்கிறது. மகள் கிட்டவே போகவில்லை. ஒரு பொத்தான் மறுநாளே கழன்றுவிட்டது. என்ன துணி எடுக்கலாம், என்ன பஞ்சு, கண்ணை எப்படிச் செய்வது? நன்றாக வந்தால் நாலு பேருக்குச் செய்து விற்கலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தப் பொத்தான். கழன்றதைத் தேடி எடுத்துவிட்டீர்களா? மிச்சமிருக்கிற ஒன்றையும் இன்றைக்கே பிய்த்து எடுத்துவிடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை பொம்மையின் கண்ணை ரசித்துக்கொண்டிருக்காது, வாயில் வைத்துக் கடித்து இழுக்கும். பசை எச்சிலில் இளகும், நூல் பல்லில் அறும். பொம்மைகளைச் சோதிக்கிற இடத்தில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீட்டர் அகலம், அடிப்பக்கம் சாய்வாக இருக்கும். அதற்குள் முழுசாக அடங்குகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் தனியாகவோ, இழுத்தால் கழன்று வரும்படியோ இருக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் 11 மில்லிமீட்டர்தான். "நான் நாலு தடவை சுற்றிச் சுற்றித் தைத்துவிடுகிறேனே" என்று கேட்பவர்கள் உண்டு. ஐரோப்பியத் தரத்தில் கண் போன்ற பாகத்தை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஒன்பது கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வீட்டுத் தையலில் அந்த உத்தரவாதம் யாராலும் கொடுக்க முடியாது. ஆகவே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே முடிந்துவிட்டது: எம்பிராய்டரி கண். கழன்று விழ அதில் எதுவும் இல்லை.

மீதிப் பாதிதான் நீளம்.

பதினான்கு வருஷமாகத் துணிப் பொம்மை செய்கிறேன். முதல் ஏழெட்டுப் பொம்மைகளுக்கு எல்லாரையும் போலத்தான் நானும். துணி வாங்கி, வெட்டி, தைத்து, பஞ்சு திணித்து, எல்லாம் முடிந்த பிறகு மொட்டை முகத்தைப் பார்த்து "சரி, கண்ணுக்கு என்ன செய்யலாம்" என்று யோசிப்பேன். சிலைக்குக் கூடக் கடைசியில்தானே கண் திறக்கிறார்கள் என்று ஒரு சமாதானம் வேறு. அது தப்பான சமாதானம். ஸ்தபதி தாள அளவில், அதாவது சிற்ப நூல்கள் சொல்லும் அளவு முறையில், முகத்தைப் பங்கு போட்டுவிட்டுத்தான் உளியை வைக்கிறார். கண் எந்த வரியில் வரும் என்பது கல்லைத் தொடும்போதே அவருக்குத் தெரியும். கடைசியில் நடப்பது திறப்பு மட்டும்தான்.

துணிப் பொம்மையிலும் கண்ணை முதலில் முடிவு செய்ய வேண்டும், கடைக்குப் போவதற்கு முன்னாலேயே. பெயின்ட் கண் என்றால் நெருக்கமான நெசவுள்ள துணி வேண்டும், இல்லாவிட்டால் நிறம் இழை வழியாக ஓடும். பிளாஸ்டிக் கண் என்றால் பஞ்சு திணிப்பதற்கு முன்பே மாட்டியாக வேண்டும். எம்பிராய்டரி கண் என்றால் துணி இழுபடாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் தலையைக் கல் மாதிரித் திணித்துவிட்டு அதன்மேல் தைக்க வேண்டும். உங்கள் முதல் பொம்மையில் துணியும் பஞ்சும் ஆசைப்படி வந்தன, கண் கடைசியில் கையில் கிடைத்ததாக வந்தது. அங்கேதான் இடறியது.

துணிக்கு வருவோம். அப்பத்தாவின் சேலையிலேயே முகத்தைச் செய்ய நினைத்தது புரிகிறது. ஆனால் பல வருஷம் அடித்துத் துவைத்துக் கட்டிய நூல் சேலையின் இழை நைந்து போயிருக்கும். இடுப்பில் கட்டும்போது அதன்மேல் பெரிய இழுவை கிடையாது. பஞ்சு திணித்த தலையிலோ ஒவ்வொரு இழையும் ராப்பகலாக வெளிப்பக்கம் தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும். முதலில் தையல் ஓரம் விட்டுக்கொடுக்கும், அப்புறம் கண்ணைத் தைத்த இடம். தவிர அது வெள்ளை. வெள்ளை முகத்தின் நடுவில் இரண்டு கறுப்பு வட்டம் வைத்தால் பேய் தெரியாமல் வேறென்ன தெரியும்? சேலையைப் பொம்மைக்குச் சேலையாகவே கட்டிவிடுங்கள். வெட்டியதில் மிஞ்சும் துண்டைப் பஞ்சோடு சேர்த்து நெஞ்சுக்குள் வைத்துத் தைக்கலாம். சிலருக்கு அப்படிச் செய்து கொடுத்திருக்கிறேன். வெளியே தெரியாது, வீட்டாருக்குத் தெரியும்.

தோல் நிறத் துணிக்கு நான் முதலில் போகிற இடம் பிளவுஸ் மேட்சிங் கடை. டூ பை டூ ரூபியா என்கிற மெல்லிய பிளவுஸ் துணியில் பழுப்பு நிறங்களே வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சாயல் அடுக்கி வைத்திருப்பார்கள். அரை மீட்டர் வாங்கினால் ஒரு பொம்மைக்கு மேலேயே வரும். அங்கே போய் "ஸ்கின் கலர்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெளிறிய ரோஸ் நிறத்தில் ஒன்றை எடுத்துப் போடுவார்கள், அது யாருடைய தோலோ. அப்பத்தாவின் புறங்கை நிறத்தை நினைத்துக்கொண்டு டீ கலர், காபி கலர், வெல்ல நிறம், புளி நிறம் என்று கேளுங்கள். எடுத்த துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பாருங்கள், கடை விளக்கில் எல்லாப் பழுப்பும் ஒன்றுதான். அப்பத்தா நல்ல கறுப்பு என்றால் கறுப்பாகவே எடுங்கள். கண்ணின் வெள்ளை கறுத்த முகத்தில்தான் எடுப்பாக நிற்கும்.

ரூபியா மெல்லிசு. அப்படியே திணித்தால் பஞ்சின் முண்டும் முடிச்சும் வெளியே தெரியும். தையல்காரர்கள் காலருக்கும் கழுத்துப் பட்டிக்கும் இஸ்திரி போட்டு ஒட்டுகிற கேன்வாஸ் இருக்கிறதல்லவா, அதில் மிக மெல்லிய ரகத்தை முகத் துண்டின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் துவைக்கும்போது துணி சுருங்கும், கேன்வாஸ் சுருங்காது, முகத்தில் கொப்புளம் எழும்பும்.

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியிலிருந்து வெளுக்காமல் வருகிற காடா துணியும் நல்லதுதான், மலிவு, உறுதி. அதில் கஞ்சி ஏறியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்தால்தான் ஊசி இறங்கும், சாயம் பிடிக்கும். டீத்தூள் டிகாக்‌ஷனில் அரை மணி நேரம் ஊறவைத்தால் மாநிறத்துக்குப் பக்கத்தில் வரும். ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் ஒரு படி வெளிறிவிடும். படிகாரம் போட்டால் கொஞ்சம் நிற்கும் என்றாலும் துவைக்கத் துவைக்க மங்கும், வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம். அலமாரியில் வைக்கிற பொம்மைக்குச் சரி. கையில் புழங்கும் பொம்மைக்கு நான் கடைச் சாயத் துணியையே எடுப்பேன்.

மூன்றாவது திருப்பூர் பனியன் துணி. கன்னம் உருண்டு, மூக்கு எழுந்து, குழந்தை முகம் மாதிரி வேண்டுமென்றால் இதற்கு நிகர் இல்லை. 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற எடைக் கணக்கு) மேல் உள்ள, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற இன்டர்லாக் ரகம் பாருங்கள். மெல்லிய சிங்கிள் ஜெர்ஸி ஓரத்தில் சுருண்டுகொண்டு உயிரை எடுக்கும், ஊசி கண்ணியை அறுத்தால் ஏணி போட்ட மாதிரி ஓடும். ஆனால் பனியன் துணியில் கண்ணைத் தட்டையாகத் தைத்துவிட்டுத் திணித்தால் வட்டமாகத் தைத்தது முட்டையாகும். தலையைத் திணித்து முடித்த பிறகே கண் தைக்க வேண்டும், அதற்குக் கைப்பழக்கம் வேண்டும். இரண்டாவது முயற்சியில் இருக்கிற உங்களுக்கு நான் ரூபியாவையே சொல்வேன்.

எந்தத் துணியானாலும் வெட்டும் முன் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் பக்கம் துணி கொடுக்காது, குறுக்கே ஓடுகிற ஊடைப் பக்கம் கொஞ்சம் கொடுக்கும், கிராஸில், அதாவது மூலைவாட்டில், நிறையக் கொடுக்கும். முகத் துண்டில் பாவு மேலிருந்து கீழாகப் போனால், திணிக்கும்போது தலை பக்கவாட்டில் சற்று அகலும். அப்பத்தாக்களுக்கு அது பொருத்தம். மாற்றிப் போட்டால் குதிரை முகம் மாதிரி நீளும். காது மடலை மட்டும் கிராஸில் வெட்டுங்கள். பாம்படம் தொங்கிய காது நீளவேண்டுமே, இழுத்துவிட்டால் தானாக நீளும்.

பஞ்சு. போடிப் பக்கத்து இலவம்பஞ்சு தலையணைக்கு அருமை, பொம்மைத் தலைக்கு ஆகாது. அந்த இழையின் மேல் மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு உண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாது. கண்ணுக்கு ஊசி போட்டு நூலை இழுத்தால் பிடித்துக்கொள்ள உள்ளே எதுவும் இல்லாமல் முகம் குழிந்துகொண்டே போகும். நாளாக ஆக அமுங்கும், துவைத்தால் கட்டி கட்டும், சட்டென்று தீப்பிடிக்கும், திணிக்கும்போது மூக்கில் ஏறும். உங்கள் பொம்மை பேயாகத் தெரிந்ததில் தொய்ந்த கன்னத்துக்கும் பங்கு இருந்திருக்கும். சாதாரணப் பருத்திப் பஞ்சு கனம், நனைந்தால் உள்ளே காயாமல் பூசணம் பிடிக்கும். கடையில் ரெக்ரான் என்றோ ஃபைபர் பஞ்சு என்றோ கேட்டால் கிடைக்கிற பாலியஸ்டர் பஞ்சை எடுங்கள். அமுக்கினால் திரும்ப எழும்பும், துவைத்து உலர்த்தலாம். 40 சென்டிமீட்டர் பொம்மைக்கு 200 கிராமுக்குப் பக்கத்தில் ஆகும்.

தலைக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இத்தனை போதும் என்று தோன்றியதற்கு அப்புறம் அதில் பாதி இன்னும் போகும். கட்டை விரலால் அமுக்கினால் செங்காய்ப் பதத்தில் உள்ள கொய்யா மாதிரி இருக்க வேண்டும். பிய்த்துப் பிய்த்து வைத்தால் முண்டு தட்டும். முகத்துக்கு நேராகப் பெரிய ஒரே கொத்தாக வைத்து, அதற்குப் பின்னால் சின்னச் சின்னதாகத் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

இனி கண். உங்கள் பொத்தான் ஏன் முழித்தது என்று முதலில் பார்த்துவிடலாம். சாதாரணமாக ஒருவர் நம்மைப் பார்க்கும்போது அவருடைய கருவிழி முழு வட்டமாகத் தெரியாது. மேல் இமை அதன் உச்சியைக் கொஞ்சம் மூடியிருக்கும், அடிப்பக்கம் கீழ் இமையைத் தொட்டு நிற்கும். வட்டம் முழுசாகத் தெரிந்தால் அது திகைப்பு, பயம், இல்லாவிட்டால் கோபம். பொத்தான் என்பது இமையே இல்லாத முழு வட்டம். அதனால்தான் எவ்வளவு அழகான பொம்மையிலும் பொத்தான் கண் ஒரு வெறிப்போடு நிற்கிறது. என் கணக்கில் பொம்மைக் கண்ணில் முக்கால் பங்கு வேலை மேல் இமைக் கோட்டுக்குத்தான். அந்த ஒரு வளைவை மாற்றினால் அதே கண் தூங்கும், சிரிக்கும், சந்தேகப்படும். காகிதத்தில் ஒரே அளவு கருவிழியைப் பத்துத் தடவை வரைந்து, மேலே இமையை மட்டும் விதவிதமாகப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் அப்பத்தா அதில் எங்கோ எட்டிப் பார்ப்பார்.

அடுத்தது இடம். கையில் பென்சில் கொடுத்தால் எல்லாரும் கண்ணை நெற்றிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பெரியவர்களின் தலையில் உச்சியிலிருந்து தாடை வரை அளந்தால் கண் சரிபாதியில் இருக்கிறது. குழந்தைகளுக்கு இன்னும் கீழே. முடிக்கும் நெற்றிக்கும் மேல் பாதி முழுசும் தேவை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு கண் அகலம் இடைவெளி. இது பொதுக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் பொம்மைத் தலை 9 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், கண் ஒவ்வொன்றும் 12, 13 மில்லிமீட்டர் அகலம், நடுவில் 15, கருவிழி 6 மில்லிமீட்டர். பெரிய கண் அழகு என்று தோன்றும். அப்பத்தாவுக்குப் பெரிய கண் வைத்தால் நரை முடி போட்ட குழந்தையாகிவிடும்.

அளவை மட்டும் நம்பாமல் நான் செய்கிற ஒன்று இருக்கிறது. காடா துணியில் ஒரு ஒத்திகைத் தலை தைத்துத் திணித்துவிடுவேன். கறுப்புத் தலை வைத்த குண்டூசி இரண்டை எடுத்துக் கண் இருக்கிற இடமென்று நினைக்கிற இடத்தில் குத்தி, செல்போனில் படம் எடுப்பேன். ஊசியை ஒரு நூல் அளவு நகர்த்தி இன்னொரு படம். இப்படி ஏழெட்டு. பிறகு படங்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பேன். நேராகப் பார்க்கும்போது கண் மன்னித்துவிடுகிற கோணல் எல்லாம் தலைகீழாகப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். பிடித்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒத்திகைத் தலையின் தையலைப் பிரித்து, பஞ்சை எடுத்துவிட்டுத் தட்டையாக விரித்து அளப்பேன். உருண்டையில் சரியாக இருந்த இடைவெளி தட்டையில் நினைத்ததைவிடக் குறுகலாக இருக்கும். தட்டைத் துணியில் அழகாக இடைவெளி விட்டுத் தைக்கிறவர்களின் பொம்மைகள் மீன் மாதிரி இரண்டு பக்கமும் பார்ப்பது இதனால்தான். (குண்டூசிகளை எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள். குழந்தை இருக்கிற வீடு.)

இப்போது நிஜத் துணி. கேன்வாஸ் ஒட்டிய ரூபியாவில் முகத்தின் வெளிக்கோட்டை வரையுங்கள், வெட்டாதீர்கள். எம்பிராய்டரி வளையத்தில் மாட்ட நாலு பக்கமும் துணி வேண்டும். கண்ணை ஒரு காகிதத்தில் வரைந்து, காகிதத்தை நடுவில் மடித்து வெட்டினால் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக வரும். கோடு போடக் கூர்மையான பென்சில் போதும். தண்ணீரில் மறையும் பேனாவில் வரைந்தால் நனைத்து அழிக்கும் முன் இஸ்திரி வைத்துவிடாதீர்கள், சூடு பட்டால் அந்த மை அங்கேயே குடியேறிவிடும். பால்பாயின்ட் பேனாவைத் தொடவே வேண்டாம்.

ஆங்கர் மாதிரியான எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும். கண்ணுக்கு இரண்டு இழைக்கு மேல் எடுத்தால் முரடாகிவிடும். வரிசை முக்கியம். முதலில் கண்ணின் வெள்ளை. பளீர் வெள்ளை எடுக்காமல் தயிர் நிறமோ இன்னும் சற்று மஞ்சளோடியதோ எடுங்கள், வயதான கண்ணில் பளீர் வெள்ளை கிடையாது. பிறகு கருவிழி, அடர் காபி நிறத்தில். நம் ஊரில் கண்ணைக் கறுப்பு என்கிறோம், உற்றுப் பார்த்தால் பழுப்பு. முழுக் கறுப்பில் தைத்தால் துணியில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். பழுப்பின் நடுவே ஒரு பொட்டு மட்டும் கறுப்பு, அதுதான் பாப்பா. இரண்டுக்கும் சாட்டின் தையல், அதாவது இடைவெளி இல்லாமல் பக்கம் பக்கமாக நூலை அடுக்கி நிரப்புவது. இரண்டு கண்ணிலும் தையல் ஒரே திசையில் போக வேண்டும். ஒன்றில் மேலும் கீழுமாகவும் மற்றதில் குறுக்காகவும் தைத்தால், அதே நூல்தான் என்றாலும் வெளிச்சம் வேறு மாதிரிப் பட்டு ஒரு கண் வெளிறித் தெரியும். நிறைய பேர் நூலைக் குறை சொல்வார்கள், குற்றம் திசையில் இருக்கும்.

இனி அப்பத்தாவை அப்பத்தா ஆக்குகிற சங்கதி. வயதானவர்கள் பலருக்குக் கருவிழியின் விளிம்பைச் சுற்றிச் சாம்பலும் நீலமும் கலந்த மெல்லிய வளையம் ஒன்று இருக்கும், கொழுப்பு படிவதால் வருவது. சாம்பல் நீல நூலில் ஒற்றை இழை எடுத்து அந்த விளிம்பில் பின்தையலாகச் சுற்றுங்கள். தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. கையில் எடுத்தவுடன் வயது தெரியும். நான் முதலில் இதைச் செய்தபோது பொம்மையை வாங்கிக்கொண்ட அம்மா, எதனால் என்று சொல்லத் தெரியாமல், "கண்ணு அவங்க கண்ணேதான்" என்றார்.

பிறகு மேல் இமை. அடர் பழுப்பில் இரண்டு இழை, காம்புத் தையல் (ஒன்றையொன்று ஒட்டிச் சாய்வாகப் போய்க் கயிறு மாதிரிக் கோடாக வரும் தையல்). கருவிழியின் மேல் பகுதியில் மூன்றில் ஒரு பங்கை மூடிக்கொண்டு வரட்டும், வெளிமுனையில் கீழே இறங்கட்டும். அதற்கு மேல் தோல் நிறத்தைவிட ஒரு சாயல் அடர்ந்த நூலில் இன்னொரு வளைவு போட்டால் இமை மடிந்து தொங்குவது வந்துவிடும். கீழ் இமைக்குக் கறுப்பு கூடவே கூடாது, அதே அடர் தோல் நிறத்தில் ஒற்றை இழை போதும். கண் கடையில் சிரிப்புச் சுருக்கம் மூன்று தையல். நாலாவது போடக் கை துறுதுறுக்கும், போடாதீர்கள். புருவம் சாம்பல் நிறத்தில், இடைவெளி விட்டு விட்டு. கடைசியாக வெள்ளை நூல் ஒற்றை இழையில் ஒரு பிரெஞ்சு முடிச்சு (நூலை ஊசியில் சுற்றிப் போடுகிற புள்ளி முடிச்சு), கருவிழியின் மேல் ஓரமாக, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதானே வரும். ஒன்றில் இடது, மற்றதில் வலது என்று வைத்தால் ஒன்றரைக் கண் மாதிரித் தெரியும்.

பார்வை எங்கே போக வேண்டும் என்பதையும் யோசியுங்கள். இத்தாலியின் டூரின் நகரத்தில் 1919-ல் தொடங்கிய லென்சி நிறுவனத்தின் ஃபெல்ட் (கம்பளி இழைகளை அமுக்கிச் செய்த துணி) பொம்மைகள் பல, கண்ணை ஓரமாக ஓட்டிப் பார்க்கும். நம்மை நேராக முறைக்காததாலேயே அவற்றில் ஒரு குறும்பு இருக்கும். அப்பத்தாவுக்கு ஓரப் பார்வை வேண்டாம், கருவிழிகளை நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்குங்கள். மடியில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வரும்.

நூலைப் பற்றி ஒரு எச்சரிக்கை, சொந்தக் கதைதான். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குச் செய்து கொடுத்த பொம்மை முதல் துவைப்பிலேயே திரும்பி வந்தது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய கறுப்பு நூல் சாயம் இறங்கி, அழுது மை வழிந்த முகம். அன்றிலிருந்து கறுப்பும் சிவப்பும் எந்த நூலானாலும் ஒரு முழத்தை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, இஸ்திரி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன். வெற்றிலை வாய்க்குச் சிவப்பு எடுப்பீர்கள், கட்டாயம் பாருங்கள். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் பின்பக்கமாக நூலை இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். மெல்லிய துணியில் மூக்கின் குறுக்கே கறுப்பு நிழல் தெரியும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக முடித்து வெட்டுங்கள்.

தலையைத் திணித்து முடித்த பிறகு கண் கொஞ்சம் உள்வாங்கி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றினால், ஐந்து அங்குல நீள ஊசியில் உறுதியான நூலை இரட்டையாகக் கோத்து, கண்ணின் உள்முனையில் நுழைத்துப் பின்னந்தலையில் எடுத்து, மூன்று மில்லிமீட்டர் மட்டும் இழுத்து முடிச்சிடுங்கள். கொண்டை முடிச்சை மறைத்துவிடும். மூக்குத் தண்டு தானாக எழும். அதிகம் இழுத்தால் முகம் புளி தின்ற மாதிரி ஆகும், அவிழ்த்துவிடலாம், பயமில்லை. பாம்படத்துக்கு மணி, உலோகம் எதுவும் வேண்டாம். மஞ்சள் துணியில் குட்டிக் குட்டித் திண்டாகத் தைத்துப் பஞ்சு வைத்து, காதோடு சுற்றிலும் தைத்துவிடுங்கள். குழந்தையின் விரல் நுழைகிற மாதிரி வளையம் விடக் கூடாது.

மற்ற வகைக் கண்களைப் பற்றியும் கொஞ்சம், நாளைக்குப் பெரிய பிள்ளைகளுக்குச் செய்வீர்கள் என்றால். பின்னால் வாஷர் போட்டு இறுக்குகிற பிளாஸ்டிக் கண் மிருகப் பொம்மைகளுக்குப் பொருந்தும், மனித முகத்துக்கு எனக்கு என்றுமே பிடித்ததில்லை. பழைய ஐரோப்பியக் கரடிப் பொம்மைகளில் கம்பியில் கோத்த கண்ணாடிக் கண் இருந்தது. பிள்ளைகள் பிடுங்கிவிடுவார்கள் என்பதால்தான் பிரிட்டனில் வெண்டி பாஸ்டன் நிறுவனம் 1948-ல் பூட்டி நிற்கும் பிளாஸ்டிக் கண்ணைக் கொண்டுவந்தது. மாட்டும்போது துணியைக் கத்தரியால் வெட்டாமல் குத்தூசியால் இழைகளை விலக்கித் துளை போட்டு, பின்னால் ஒரு ஃபெல்ட் வட்டம் வைத்து வாஷரை அழுத்துங்கள். 'சேஃப்டி ஐ' என்று பெயர் இருக்கிறதே என்று இரண்டு வயதுக்குக் கொடுத்துவிடாதீர்கள், சுற்றியிருக்கிற துணி கிழிந்தால் கண் முழுசாக வந்துவிடும். ஃபெல்ட் கண்ணுக்கு, வெட்டும் முன்னால் பின்பக்கம் கேன்வாஸ் ஒட்டினால் சின்ன வட்டமும் பிசிறில்லாமல் வரும். பெயின்ட் என்றால் துணிக்கென்று உள்ள அக்ரிலிக், தண்ணீர் கலக்காமல், நுனி மெலிந்த பிரஷ்ஷில். நன்றாகக் காய்ந்த பிறகு பின்பக்கமாக இஸ்திரி. மார்க்கர் பேனா முதல் நாள் கூர்மையாக இருக்கும், நாளாக ஆகச் சுற்றிலும் ஊதா நிறத்தில் பரவும்.

விற்பது பற்றிக் கேட்டீர்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நாலு பேருக்கு விற்பது என்று இறங்கினால் முதலில் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பியுங்கள். விலக்கு இருக்கிறது என்பதற்காகப் பொத்தானுக்குத் திரும்ப வேண்டாம்.

இன்னொன்று. ஒரு கண்ணைத் தைத்து முடித்ததும் அலுப்பு வரும், மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். டீ குடித்துவிட்டு வந்து அதையும் அன்றைக்கே, அதே விளக்கின் கீழ், அதே ஊசியில் தைத்துவிடுங்கள். மறுநாள் கை நூலை இழுக்கிற இறுக்கம் மாறியிருக்கும்.